மூன்றாவது பிக்கப்

அக்காவுக்கு வாய் நீளம் என்பது அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுக் கழுவுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். பாடிப் பிழைக்கிறவளுக்கு வாய் நீளமாக இல்லாமல் காலா நீளமாக இருக்கும் என்று அவளே கேட்பாள். அப்பேர்ப்பட்டவள், மேனேஜர் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது ஒரே ஒரு 'சரி'யோடு நிறுத்திக்கொண்டாள். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

"சுவரை இடிச்சு ஹாலைப் பெருசு பண்ணியாச்சுக்கா. தம்பி வாசிக்கிறது நடுத் தூணைத் தாண்டி வரவே மாட்டேங்குது. கிடாருக்குள்ள சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் ஒண்ணு வெச்சு, அதைப் பெருசாக்கிற ஆம்ப் பெட்டி ஒண்ணு பாத்துக்குங்க. புது ஹால் திறக்கிற அன்னிக்கு முதலாளி வர்றாரு. அவருக்குப் பிடிக்கலைன்னா ரெக்கார்டு போட்டுக்கலாம்னு சொல்லிட்டாரு. என்னைக் கோச்சுக்காதீங்க" என்றான் மேனேஜர்.

பழைய கூடம் கைக்குட்டை அளவுதான். தம்பி சுவரோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வெறும் மரக்கிடாரை வாசிப்பான். பக்கத்தில் நின்று அக்கா பாடுவாள். மைக் கிடையாது, ஒயர் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. சூப் குடிக்கிறவர்கள் கரண்டிச் சத்தத்தைத் தாங்களாகவே குறைத்துக்கொள்வார்கள். வாரக் கடைசி சாயங்காலங்கள் அப்படியே வருஷக்கணக்காக ஓடிவிட்டன. மற்ற நாளெல்லாம் அக்கா வீட்டில் துணி தைப்பாள், தம்பி இரும்பு அறுக்கிற பட்டறையில் மெஷினோடு நிற்பான். அவள் கல்யாணம் செய்து இரண்டே வருஷத்தில் தனியாகத் திரும்பி வந்தவள். அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எங்க அக்காகிட்ட திட்டு வாங்கவே நேரம் பத்தல, இதுல இன்னொருத்தியா?" என்பான்.

அவனிடமிருந்து கிடாரைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று அக்கா யோசித்துப் பார்த்தாள். பட்டறைப் புழுதியும் அவன் பிடிவாதமும்தான் இருக்கும். சம்பளம் போனால் போகிறது, கூட நாலு துணி தைத்துக்கொள்ளலாம். அவன் அந்த முக்காலியிலிருந்து இறங்கிவிடக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்குக் கவலை.

கிடார் ரிப்பேர்க்காரருக்கு ஊரெல்லாம் பத்தவெச்சான் என்று பெயர். எப்போதும் கையில் ஈயம் பற்றவைக்கிற கம்பியோடு உட்கார்ந்திருப்பார், அதனால் ஒன்று. இங்கே கேட்டதை அங்கே சொல்லிச் சண்டை மூட்டிவிடுவார், அதனால் இன்னொன்று. மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து மாதிரி கடை. மேலே கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடார்கள் வரிசையாக ஆடும்.

"மூணு வழி இருக்கும்மா" என்றார் பத்தவெச்சான். "ஒட்டற பிக்கப் இருக்கு, பொட்டு மாதிரி உள்பக்கமா பலகைல ஒட்டிடலாம். இன்னொண்ணு காந்த பிக்கப், கிடார் வட்டத்துக்குள்ள கவ்விக்கிட்டு நிக்கும். மூணாவது, தந்தியெல்லாம் ஒரு எலும்புக் கட்டை மேல உக்காருது பாருங்க, அதுக்கு அடியில மெல்லிசா ஒரு பட்டை வைக்கிறது. ஆனா ஒயர் வெளியே வர்றதுக்குக் கிடாரோட அடிப்பக்கம் ஓட்டை போடணும்."

"ஓட்டை கீட்டைனு பேசாதீங்கண்ணே" என்று தம்பி கிடாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டக்கூட யாரையும் விடாதவன் அவன்.

ஆம்ப் எடுக்கும்போதே தகராறு ஆரம்பித்தது. பத்தவெச்சான் மரக்கிடாருக்கென்றே செய்த சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். ஒரு துளையில் கிடாரைச் செருகலாம், இன்னொன்றில் அக்காவின் மைக்கைச் செருகலாம். முன்னால் கீழ்சத்தத்துக்கு பேஸ், நடுச்சத்தத்துக்கு மிடில், மேல்சத்தத்துக்கு ட்ரெபிள் என்று குமிழ்கள். அக்காவுக்கு அது போதும் போல இருந்தது. தம்பி அதற்குப் பின்னால் இருந்த பெரிய பெட்டியைக் காட்டினான்.

"என்னடா, கட்சிக் கூட்டமா நடத்தப் போறோம்?" என்றாள் அக்கா.

"பெரிய ஹாலுக்கா" என்றான் அவன். பெரிய பெட்டியையே எடுத்தார்கள்.

முதலில் ஒட்டுகிற பிக்கப்பைப் போட்டுப் பார்த்தார்கள். வாசித்த உடனே அக்காவுக்குப் பிடித்துவிட்டது. மரத்தின் சத்தம் அப்படியே வந்தது. கொஞ்சம் அதிகமாகவே வந்தது, அவன் சட்டைப் பட்டன் பலகையில் உரசியதெல்லாம் கேட்டது. "உன் விரல் பாதி வாசிக்குது, உன் பட்டன் பாதி வாசிக்குது" என்று பத்தவெச்சான் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. "மந்தமா இருக்குண்ணே. உசுரே இல்ல" என்றான்.

சரி என்று காந்த பிக்கப்பைக் கவ்விவைத்தார்கள். பட்டன் சத்தம் போய்விட்டது. மரத்தின் குணம் கொஞ்சம் குறைந்தாலும் கணீரென்று இருந்தது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. தம்பி தலையைச் சாய்த்து, காதை ஆம்ப் பக்கம் கொண்டுபோய், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தான். முகம் சுருங்கிக்கொண்டே போனது. "கம்பளி போத்தி வெச்சுட்டு வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றான்.

"எங்கடா இருக்கு கம்பளி? நல்லாத்தானே கேக்குது!"

"உனக்குத் தெரியாதுக்கா. நீ பாடறவ."

இந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவனுக்கு சரிகம சொல்லிக்கொடுத்ததே அவள்தான், அவளுக்கே தெரியாதாம். ஆனாலும் வாயைக் கட்டிக்கொண்டாள். பத்தவெச்சான் தந்தியை மாற்றிப் பார்த்தார், ஒயரை மாற்றிப் பார்த்தார். கடைசியில் தம்பியே சொன்னான்.

"ஓட்டை போடுங்கண்ணே."

பத்தவெச்சான் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "போட்டா அப்புறம் மூட முடியாதுப்பா. யோசிச்சு சொல்லு."

"யோசிச்சாச்சு."

அக்கா, "டேய், வேண்டாம்டா" என்றாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிடாரை அவனே மேஜைமேல் கவிழ்த்து, அடியில் துணி மடித்துக் கொடுத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். துரப்பணம் மரத்துக்குள் இறங்கியது. மஞ்சள் தூள் மேஜையில் கொட்டியது. அக்கா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை, வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பிள்ளையை ஊசி போடப் பிடித்துக்கொண்டிருக்கிறவன் மாதிரி அவன் நின்றான்.

பட்டையை வைத்து, எலும்புக் கட்டையை மேலே உட்காரவைத்து, தந்தி ஏற்றி, ஆம்ப்பில் செருகினார்கள். தம்பி வாசித்தான். நிறுத்தினான். எழுந்துபோய் ட்ரெபிள் குமிழைத் திருப்பினான். மறுபடி வாசித்தான், மறுபடி திருப்பினான். குமிழ் இதற்குமேல் போக இடமில்லை என்று நின்றபோதுதான் அவன் முகம் மலர்ந்தது.

"ஆங்! இப்ப வந்துச்சு பாருங்க உசுரு!"

வந்தது உயிரில்லை, தகரம். எவர்சில்வர் தட்டை ஆணியால் கீறுகிற மாதிரி ஒவ்வொரு தந்தியும் பல்லைக் கூசவைத்தது. பத்தவெச்சான் அக்காவைப் பார்த்தார், அக்கா பத்தவெச்சானைப் பார்த்தாள். அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டு, தான் பற்றவைத்த இடத்தைக் கழற்றி இன்னொரு முறை பற்றவைத்தார். அப்போதும் அதே தகரம்தான். "இத்தனை வருஷத்துல என் கைமேல எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார்.

பாவம், அவர் தன் கைதான் கெட்டுவிட்டது என்று நினைத்தார். தம்பி முதல் இரண்டு பிக்கப்பும்தான் கெட்டது என்றான். அக்கா என்ன நினைத்தாள் தெரியுமா? அவன் புத்தி கெட்டுவிட்டது என்று நினைத்தாள். இத்தனை நாள் அவள் பாட்டுக்குப் பின்னால் அடங்கி வாசித்தவனுக்கு ஒரு பெரிய பெட்டி கிடைத்ததும் திமிர் ஏறிவிட்டது, முதலாளி முன்னால் தான்தான் கேட்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. இப்படித்தான் அவள் மனசுக்குப் பட்டது. பட்டதை மனசுக்குள் வைத்துக்கொள்கிற ஆளா அவள்?

ஆம்ப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது ஆரம்பித்துவிட்டாள்.

"என் குரலை அமுக்கணும்னே முடிவு பண்ணிட்டியாடா?"

"என்ன?"

"என் குரலை அமுக்கப் பாக்கறியான்னு கேட்டேன்!"

"என்னக்கா சொல்றே?"

"ஆமா, செவிடன்கிட்ட பேசற மாதிரி எல்லாத்தையும் மூணு தடவை சொல்லணும் உனக்கு! திமிருடா, திமிரு!"

அவன் ஒரு நிமிஷம் நடையை நிறுத்தினான். பெட்டி நடுவில் தொங்கியது. என்னவோ சொல்ல வந்தவன் மாதிரி அவளைப் பார்த்தான், பிறகு லேசாகச் சிரித்து, "பெட்டியைச் சரியாப் பிடிக்கா, வெயிட்டெல்லாம் என் பக்கம் வருது" என்றான். மறுபடி நடந்தார்கள். வீடு வந்து சேருகிறவரை அவள் திட்டி முடிக்கவில்லை.

புதுக் கூடம் திறந்தார்கள். முதலாளி தன் குடும்பத்தோடு முன்வரிசை மேஜையில் உட்கார்ந்திருந்தார். புதுப் பெயின்ட் வாசனையும் புது மேஜைவிரிப்புகளுமாக இருந்தது. முதல் பாட்டு எப்படியோ ஒப்பேறியது. கிடார் தகரமாகத்தான் கேட்டது. இரண்டு மூன்று பேர் முகம் சுளித்து ஆம்ப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக மைக் பிடித்துப் பாடினாள், அது கையில் வழுக்கியது. இரண்டாவது பாட்டில் தம்பிக்கு ஜாடை காட்டுவதற்காக அவன் பக்கம் திரும்பினாள். கையிலிருந்த மைக்கும் கூடவே திரும்பியது, நேராக ஆம்ப்பின் வாயைப் பார்த்து.

கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பியது பாருங்கள், காதுக்குள் ஊசி ஏற்றின மாதிரி. கூடமே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டது. சூப் கொண்டு வந்தவன் தட்டைக் கீழே போட்டான். முதலாளியின் பேத்தி வீறிட்டு அழுதாள். மேனேஜர், "ஆஃப் பண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க!" என்று ஓடிவந்தான். அக்கா என்ன செய்வதென்று தெரியாமல் தம்பியைப் பார்த்தாள்.

தம்பி வாசித்துக்கொண்டிருந்தான்.

கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, உதட்டில் ஒரு சின்னச் சிரிப்போடு வாசித்துக்கொண்டிருந்தான். ஆம்ப் அவனுக்கு ஓர் அடி தூரத்தில் கத்திக்கொண்டிருந்தது. அவன் புருவம்கூட அசையவில்லை.

அக்கா மைக்கைத் தாழ்த்தினாள், கீச்சு நின்றது. அது நின்றதுகூட அவனுக்குத் தெரியவில்லை. கம்பளி, மந்தம், "என்ன? என்ன?" என்று அவன் கேட்டதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் தலையில் வந்து விழுந்தன. செவிடன் என்று நடுத்தெருவில் கத்தினாளே, அந்த வாயை என்ன செய்தால் தகும்? அந்தப் பாட்டை எப்படிப் பாடி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

முதலாளி நல்ல மனுஷர். "சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம், அதுக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

சமையலறைக்குப் பின்னால் மாவு மூட்டை அடுக்குகிற அறைக்கு அவனை இழுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள்.

"டேய், இப்ப ஒரு கீச்சு கேட்டுதே, அது கேட்டுச்சா உனக்கு?"

அவன் அவள் வாயையே பார்த்தான். "எந்தக் கீச்சு?" என்றான். கேட்ட பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"எப்பலேர்ந்துடா?"

"போன வருஷத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

"டாக்டர்கிட்ட போனியா? என்கிட்ட சொல்லாம?"

"சொன்னா நீ அழுவே. அழுதா உனக்குத் தொண்டை கட்டிக்கும்." அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மேல்சத்தமெல்லாம் போயிடுச்சாம்க்கா. பட்டறை மெஷின் தின்னுடுச்சாம். கீழ்சத்தம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கு, அதுவும் நாளாக நாளாகப் போயிடுமாம். காதுல வைக்கிற மெஷின் ஒண்ணு போட்டுக் காட்டினாரு. பேச்சு கேக்குது, பரவாயில்ல. பாட்டுதான், கொட்டாங்கச்சில கல்லு போட்டு உருட்டற மாதிரி கேக்குது. கழட்டிக் கொடுத்துட்டு வந்துட்டேன்."

அந்தப் பட்டறையில் அவனைச் சேர்த்துவிட்டவளே அக்காதான். புருஷனை இழந்து அவள் வந்து நின்ற நாளில் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று, தெரிந்தவர் காலைக் கையைப் பிடித்து வாங்கிக் கொடுத்த வேலை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அதையும் புரிந்துகொண்டான்.

"நீ என்னக்கா பண்ணுவே? எல்லாரும்தான் அங்க நிக்கிறாங்க. பஞ்சு வெச்சுக்கன்னு ஓனர் சொன்னாரு, நான்தான் சூடா இருக்குன்னு பிடுங்கிப் போட்டேன்."

"எல்லாம் தெரிஞ்சும் எதுக்குடா கிடாரை ஓட்டை போட்டே? பாவி, எதுக்குடா?"

அவன் சட்டையில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டான். வெளியே பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அதுவாவது அவனுக்குக் கேட்கிறதா என்று அவள் பார்த்தாள்.

"டாக்டர் சொன்னது தப்புன்னு மூணு பிக்கப்புல ஒண்ணாவது சொல்லிடாதான்னுதான்" என்றான்.

அக்கா உடைந்து அழுதாள். அவன் எழுந்து வந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். சின்ன வயசில் அவன் விழுந்து எழுந்து வரும்போதெல்லாம் அவள்தான் அப்படிச் செய்வாள். "உன் பாட்டுல பாதி எழுத்து எனக்கு விழுந்துபோகுதுக்கா" என்றான். "உன் வாய் அசையறதைப் பாத்துத்தான் எங்க பாடறேன்னு தெரிஞ்சுக்கிறேன். நீ ஜனங்க பக்கம் திரும்பிக்கிட்டா தொலைஞ்சேன். அதான் கண்ணை மூடிக்கிட்டேன், விரல் பழக்கத்துல ஓடட்டும்னு."

கதவைத் தட்டி மேனேஜர் எட்டிப் பார்த்தான். "அக்கா, முதலாளி கேக்கிறாரு. முடியலைன்னா சொல்லிடுங்க, நான் ரெக்கார்டு போட்டுடறேன்."

"நீ அந்த ரெக்கார்டு மியூசிக்குக்கே பாடுக்கா" என்றான் தம்பி. "உன் குரல் நல்லாத்தானே இருக்கு. நான் ஓரமா உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

"செருப்பால அடிப்பேன்" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நீ இல்லாம நான் என்னத்தைப் பாடறது? வாயை மூடிக்கிட்டு வா."

அவன் சிரித்தான். கொஞ்சம் யோசித்தான். "அப்ப ஒண்ணு பண்ணு. குமிழை நீ திருப்பு. எங்க வெச்சா அவங்களுக்கு நல்லா கேக்குமோ அங்க வை. என் மூஞ்சியைப் பாத்துத் திருப்பாதே" என்றான்.

இருவரும் கூடத்துக்குத் திரும்பினார்கள். அவன் முக்காலியில் உட்கார்ந்து மெதுவாக ஒரு வரியை வாசிக்க ஆரம்பித்தான். அக்கா ஆம்ப்புக்கு முன்னால் மண்டியிட்டு, ட்ரெபிள் குமிழில் கை வைத்தாள். பார்க்காதே என்று அவன் சொல்லியிருந்தான், அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் இறக்கினாள். கிடாரின் கூர்மை குறைந்தது, அவன் கண்ணில் ஒரு கலக்கம் வந்தது. இன்னும் கொஞ்சம் இறக்கினாள். தகரம் போய் மரம் வந்தது, அவன் தலையைச் சாய்த்துத் தேடினான். அவள் குமிழிலிருந்து கையை எடுத்தாள். இதோடு நிறுத்திவிடலாமா என்று நினைத்தாள். அரைகுறையாக வைத்தால் அவனுக்கும் கொஞ்சம் மிஞ்சுமே.

"இன்னும் இறக்கணும்னா இறக்குக்கா" என்றான் அவன், விரலை நிறுத்தாமல்.

இறக்கினாள்.

கிடார் திறந்துகொண்டது. பழைய கூடத்தில் கேட்ட அதே சத்தம், அதைவிட நிறைவாக, சன்னல் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கடைசி மேஜைக்காரர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். முதலாளி கரண்டியைக் கீழே வைத்தார். பத்தவெச்சானின் கை கெட்டுப்போகவில்லை, அவர் மட்டும் அங்கே இருந்திருந்தால் அழுதிருப்பார். மூன்று பிக்கப் மாற்றி, பிள்ளை மாதிரி வைத்திருந்த கிடாரில் ஓட்டை போட்டு, தம்பி தேடிய சத்தம் இதுதான். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது, அவன் ஒருவனைத் தவிர.

"எங்கயோ பக்கத்து வீட்ல கதவு தட்டற மாதிரி இருக்குக்கா" என்றான் அவன் மெதுவாக. "சரியா வெச்சுட்டியா?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். எழுந்து, மைக்கை ஆம்ப் பக்கம் போகாமல் தள்ளிப் பிடித்து, அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். பாட்டின் தொடக்கத்தை வாசித்துக்கொண்டு அவன் அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தான். ஒரு தடவை முடிந்தது, அவள் எடுக்கவில்லை. திரும்பவும் முதலிலிருந்து வாசித்தான். அழுதுகொண்டிருக்கிற வாயிலிருந்து எந்த எழுத்தையும் அவனால் படிக்க முடியாது. அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, உதட்டை நேராக்கி, ஒவ்வொரு எழுத்தும் அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வாயைத் திறந்து பாடத் தொடங்கினாள்.